பாடத்தைத் தீர்மானித்த பதவிகள்: சென்னை மாகாணத்தில் தாவரவியல் வேரூன்றிய வரலாறு

(புவனகிரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



புவனகிரியைத் தொட்டு ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து தெற்கே பிச்சாவரம் வரை உப்பங்கழிகள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அந்தக் கழிக்கரையில் இன்றும் நிற்கிறது. தில்லையின் ஒரு கிளையை மேசைமேல் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் துளிர்க்கும். அது தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ வேறொரு மரத்தில். மூத்த இலை உதிருமுன் சிவந்துபோகும். மரப்பால், பூவின் பால் வேறுபாடு, உவர்நில வாழ்க்கை என மூன்று பாடங்கள் ஒரே கிளையில் அடங்கிவிடுகின்றன. ஆனால் நூறாண்டுகளுக்கு முன் நம் மாகாணத்தில் தாவரவியல் படித்தவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் இங்கிலாந்தில் எழுதிய நூல்கள். அந்நாட்டுப் புல்வெளியிலும் வேலியோரத்திலும் வளர்பவற்றையே அவை எடுத்துக்காட்டாகச் சொல்லின. அவற்றைக் கண்ணால் பாராமலே மாணவர்கள் படித்தார்கள், தேர்வும் எழுதினார்கள்.

இந்த நிலை எப்படி மாறியது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பாடத்திட்டங்களின் வரலாறாகச் சொல்வதே வழக்கம்: குழு கூடியது, பரிந்துரை வந்தது, பாடம் திருந்தியது என்று. நான் படித்தறிந்த சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. எதைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு விடை பாடத்திட்டத்தில் எழுதப்படவில்லை. யாரை, எந்தப் பதவியில், எவ்வளவு காலத்துக்கு அமர்த்தினார்கள் என்பதே விடையாக அமைந்தது. நியமன வாதமும் பாட வாதமும் ஒரே வாதம்தான். இதை ஆறு கருத்துகளாக எடுத்து வைக்கிறேன்.

1. முதலில் இங்கிலாந்திலிருந்து தொடங்க வேண்டும். நம் கல்லூரிகளுக்கு அன்று மாதிரி அங்கிருந்தே வந்தது. 1917 டிசம்பரில் ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’ என்ற இதழில் தொடக்கநிலைத் தாவரவியல் கல்வியை மாற்றி அமைக்கக் கோரும் அறிக்கை ஒன்று வெளியானது. எஃப். எஃப். பிளாக்மன், வி. எச். பிளாக்மன், ஃபிரெடரிக் கீபிள், எஃப். டபிள்யூ. ஆலிவர், ஏ. ஜி. டான்ஸ்லி ஆகிய ஐவர் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். தண்டு, இலை, வித்துப்பை ஆகியவற்றின் உருவத்தை ஒப்பிட்டு, எது எதிலிருந்து பிறந்தது என்று ஆராயும் உருவவியல் பாடம் முழுவதையும் விழுங்கிவிட்டது. செடி எப்படி நீர் குடிக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, தன் சூழலோடு எப்படி வாழ்கிறது என்பதே பாடத்தின் முதுகெலும்பாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. கிளாஸ்கோவில் 1885 முதல் பேராசிரியராக இருந்த எஃப். ஓ. பௌவர் கொதித்தெழுந்து, இது போல்ஷெவிக் வேலை என்று சாடினார். ரஷ்யப் புரட்சி நடந்து சில மாதங்களே ஆகியிருந்த காலத்தில் அந்தச் சொல் எவ்வளவு கடுமையானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அதே இதழில் மறுப்பும் மறுமொழியுமாகச் சென்றது. யாரும் யாரையும் வாதத்தால் வென்றதாகத் தெரியவில்லை. பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஷெரார்டியன் தாவரவியல் பேராசிரியர் பதவி காலியாயிற்று. டான்ஸ்லிக்கு அது கிடைக்கவில்லை. 1920இல் கீபிள் அமர்ந்தார். டான்ஸ்லி 1923இல் கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் பதவியையும் விட்டார். 1927இல்தான் ஆக்ஸ்ஃபோர்டு அவரை அழைத்தது. இதை அறிக்கைக்காகப் பழிவாங்கிய கதையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை, கீபிளும் அதே அறிக்கையில் கையெழுத்திட்டவர். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. பக்கம் பக்கமாக எழுதியும் தீராத வழக்கு, நாற்காலியில் யார் அமர்ந்தார் என்ற ஒன்றால் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் தீர்ந்தது.

இடையில் ஒரு செய்தி. அதே ஷெரார்டியன் பதவியில் 1868 முதல் 1883 வரை இருந்த எம். ஏ. லாசன், அதை விட்டு நம் மாகாணத்துக்குத்தான் வந்தார். நீலகிரியில் சிங்கோனாத் தோட்டங்களின் பொறுப்பும் அரசுத் தாவரவியலாளர் பதவியும் அவருக்குக் கிடைத்தன. ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் சொன்னவர் இங்கே வந்து கொய்னா மரப்பட்டையைக் கவனித்தார். மாகாண அரசு தாவரவியலாளரிடம் எதிர்பார்த்தது என்ன என்பது இதிலிருந்தே விளங்கும்.

2. இந்தியாவில் கல்விப் பதவிகள் இரண்டு அடுக்காக இருந்தன. 1890களில் வகுத்த ஏற்பாட்டின்படி இந்தியக் கல்விப் பணிக்கு இங்கிலாந்தில் ஆள் எடுத்தார்கள். மாகாணக் கல்விப் பணி இந்தியருக்கு. சம்பளம் வேறு, மதிப்பு வேறு. இந்த ஏற்பாட்டுக்கு முன்பே, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்த ஜகதீச சந்திர போஸுக்கு, ஐரோப்பியருக்குத் தந்ததில் மூன்றில் ஒரு பங்கே தருவோம் என்றார்கள். மூன்றாண்டு சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார் அவர். கடைசியில் முழுச் சம்பளமும் முன்தேதியிட்டு வந்தது. இந்தக் கதையைத் தன்மானத்துக்கு உதாரணமாக எல்லோரும் சொல்கிறோம். தாவரவியல் வரலாற்றில் அதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. டான்ஸ்லி குழுவின் அறிக்கை வெளியாவதற்குச் சற்று முன், 1917 நவம்பர் 30 அன்று, போஸ் தம் ஆராய்ச்சி நிலையத்தைக் கல்கத்தாவில் திறந்தார். தொட்டாற்சிணுங்கி தொட்டதும் ஏன் சுருங்குகிறது, சாறு எப்படி மேலேறுகிறது என்று செடியின் செயலை அளந்து பார்த்தவர் அவர். அந்த ஐவர் வகுப்பில் கேட்கச் சொன்ன கேள்விகளும் இத்தகையவையே. ஆனால் போஸ் இயற்பியல் பேராசிரியர். செடி என்ன செய்கிறது என்ற கேள்வி இந்தியாவில் ஓங்கி ஒலித்தது, தாவரவியல் பதவி எதுவும் வகிக்காத ஒருவரிடமிருந்து. அக்கேள்வி கேட்க வேண்டிய நாற்காலிகளில் அது எழவில்லை.

3. இப்போது நம் மாகாணம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தாலும் நெடுங்காலம் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. 1914ஐ ஒட்டி அது தனக்கெனப் பேராசிரியர் பதவிகளை உண்டாக்கியபோது அவை இந்திய வரலாறு, இந்தியப் பொருளாதாரம், ஒப்பியல் மொழிநூல் ஆகியவற்றுக்குச் சென்றன. தாவரவியல் அந்த வரிசையில் இல்லை. ஆகவே நம் செடிகளை வைத்துப் பாடம் சொல்லும் முயற்சி பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் தொடங்கியது. அருங்காட்சியகம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, வேளாண் கல்லூரி ஆகிய மூன்றும் அன்று பேராசிரியப் பெருமை இல்லாத இடங்கள். கே. ரங்காச்சாரி சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலின் முகப்பில் உதவியாளராக அவர் பெயர் இருக்கிறது. பின்னர் கோவை வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். அவருடைய பதவிப் பெயரிலேயே விரிவுரை என்ற சொல் உண்டு. அரசு விரிவுரைத் தாவரவியலாளர் என்று அழைத்தார்கள். எம்.ஏ. பட்டத்தோடு எல்.டி. பயிற்சியும் பெற்றவர், அதாவது கற்பிக்கக் கற்றவர். 1916இல் இந்திய மாணவருக்கான தொடக்கத் தாவரவியல் கையேட்டையும், 1921இல் சி. தாதுலிங்க முதலியாரின் துணையோடு தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேட்டையும் வெளியிட்டார். புல்லை எடுத்துக்கொண்டதில் ஒரு தெளிவு இருக்கிறது. எந்த ஊரிலும் காலடியில் கிடைப்பது புல். அருகம்புல்லின் கணுவில் வேர் இறங்குவதை வகுப்பறை வாசலிலேயே காட்டலாம். பூ இருந்தும் பூப்போலத் தெரியாத அந்தச் சிறு கதிரைப் பிரித்து, உமியையும் சூலகத்தையும் ஊசிமுனையால் ஒதுக்கிப் பார்க்கப் பழகிய மாணவன் நெற்கதிரைப் புரிந்துகொள்வான். பூ எதுவும் இல்லை என்று நினைத்த இடத்தில் பூவைக் காண்பான். இப்படி ஒரு பாடத்தை எழுத, ஒருவர் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்து பருவந்தோறும் சேகரித்திருக்க வேண்டும். கோவையில் அவருக்கு அது வாய்த்தது. 1853இல் கிளெக்ஹார்ன் தொடங்கிய சென்னை உலர்தாவரச் சேகரிப்பும், சி. ஏ. பார்பர் அரசுத் தாவரவியலாளராக இருந்த காலத்தில் கோவைக்கே வந்து சேர்ந்திருந்தது.

4. இங்கே ஒரு மறுப்பு எழும், வலுவான மறுப்பு. இந்தியருக்குப் பதவி கிடைத்ததால்தான் உள்ளூர்ச் செடி வகுப்புக்கு வந்தது என்றால், பிலிப் ஃபர்லி ஃபைசனை என்ன செய்வீர்கள்? அவர் ஆங்கிலேயர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். 1925 முதல் 1932 வரை அதன் முதல்வர். இந்தியாவுக்கான தாவரவியல் என்றே பெயரிட்டுப் பாடநூல் எழுதியவர். நீலகிரி, பழனி மலைமுகடுகளின் தாவரங்களை 1915 முதல் நூலாக்கினார். 1932இல் தென்னிந்திய மலைவாழிடங்களின் தாவரங்கள் பற்றிய நூலையும் தந்தார். நம் செடிகளை இவ்வளவு நேசித்த இன்னொருவரைக் காட்டுவது அரிது. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் என் கருத்து தளரவில்லை, தெளிவடைகிறது. பிறப்பை வைத்து நான் வாதாடவில்லை. பதவியின் தன்மையை வைத்தே வாதாடுகிறேன். ஃபைசன் ஓரிரு ஆண்டில் மாறிப்போகும் அதிகாரியாக இருக்கவில்லை. அவருக்கு நிலைத்த பதவி இருந்தது. விடுமுறையில் மலையேற வாய்ப்பு இருந்தது. தமக்கு முன் ஆல்ஃபிரட் பௌர்னும் அவர் மனைவியும் கொடைக்கானலில் சேகரித்து வைத்ததைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. அதே கால அளவும் அதே வாய்ப்பும் பெற்ற ஓர் இந்தியருக்கு எவ்வளவு முடியும் என்பதைக் கோவை காட்டியது. அத்தகைய நிலைத்த பதவியை 1920க்கு முன் எத்தனை இந்தியருக்குத் தந்தார்கள் என்பதுதான் கேள்வி.

ஃபைசன் செய்த பெரும்பணியாக அவருடைய நூல்களைவிட வேறொன்றைச் சொல்வேன். 1919இல் அவர் சென்னையிலிருந்து ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் பாட்டனி’ இதழைத் தொடங்கினார். பின்னர் அது இந்தியத் தாவரவியல் கழகத்தின் இதழாயிற்று. அதுவரை இங்கே ஒருவர் கண்டுபிடித்ததை லண்டன் ஒப்புக்கொண்டால்தான் அது அறிவு. இதழின் முதல் தொகுதியிலேயே, சென்னையின் வால்வாக்ஸ் குடும்பப் பாசிகளைப் பற்றி 1920இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார்.

5. அய்யங்காரின் வாழ்க்கை என் கருத்துக்கு மையச் சான்று. 1886இல் சென்னையில் பிறந்தவர். 1909இல் எம்.ஏ. முடித்ததும் கிடைத்தது அருங்காட்சியகப் பணி. 1911இல் ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளர். 1920இல் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். பட்டம் பெற்று 11 ஆண்டுகள் அவர் கல்லூரித் தாவரவியல் துறைக்கு வெளியே இருந்தார். 1930இல், 44 வயதை நெருங்கும்போது, லண்டன் குயின் மேரி கல்லூரியில் எஃப். இ. ஃபிரிட்ஷிடம் சென்று ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகி 1944 வரை பணியாற்றினார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம்.

1932இல் அவர் புதிதாக விவரித்த ஒரு பாசியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மழைநீர் தேங்கி வற்றிக்கொண்டிருக்கும் குட்டையின் ஓரத்தில், ஈரம் காயாத வண்டல் மண்ணில் அது வளர்கிறது. மண்ணுக்குள் கிழங்குபோலத் திரண்ட செல்கூட்டம். அதிலிருந்து கீழே நிறமற்ற வேரிழைகள். மேலே பச்சை இழைகளின் சிறு கொத்து. தண்ணீரில் மிதக்கும் பாசி எப்படித் தரைக்கு ஏறியிருக்கக்கூடும் என்று கேட்பவர்களுக்கு இயற்கை வைத்த சான்றுபோல இருந்தது அது. தம் ஆசிரியரின் நினைவாக அதற்கு ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா என்று பெயரிட்டார். உலகெங்கும் பாசியியல் பாடநூல்களில் அது இடம்பெற்றது. அந்தக் கட்டுரை வெளியான இதழ் எது தெரியுமா? டான்ஸ்லி தொடங்கிய ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’. உருவவியலைக் குறைக்கச் சொன்ன அறிக்கையைத் தாங்கி வந்த அதே இதழ், 15 ஆண்டு கழித்து உருவத்தையும் அமைப்பையும் நுணுகி விவரித்த இந்தத் தென்னாட்டுக் கட்டுரையை வெளியிட்டது.

இதை வைத்து, பார்த்தீர்களா, ஐவர் அணி தோற்றது என்று சொல்ல நான் வரவில்லை. இங்கிலாந்தின் செடிகளையும் பாசிகளையும் இருநூறு ஆண்டுகளாகப் பெயரிட்டு வரைந்து முடித்திருந்தார்கள். அவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்; போகத்தான் வேண்டும். நம் குளங்களிலும் வயல் வரப்பிலும் என்ன வளர்கிறது என்ற பட்டியலே இங்கே முடிந்திருக்கவில்லை. 1917இன் அறிக்கையை நம் கல்லூரிகள் அப்படியே எடுத்து நடைமுறைப்படுத்தியிருந்தால், முதல் பாடத்தைப் படிக்காமல் மூன்றாம் பாடத்துக்குத் தாவியிருப்போம். எதை எப்போது கற்பிக்க வேண்டும் என்பது நிலத்தைப் பொறுத்தது. நிலத்தை அறிந்தவர் நாற்காலியில் இருந்தால்தான் அது தெரியும். சென்னையில் அந்த முடிவை எடுக்கக்கூடிய இடத்தில் அய்யங்கார் அமர்ந்த பிறகே பாசியியல் இங்கே ஒரு மரபாயிற்று. அவரிடம் படித்தவர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

6. கடைசி மறுப்பு இது: திறமை இருந்தால் பதவி தானே வரும், போஸுக்கு வந்ததே, அய்யங்காருக்கு வந்ததே என்பார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணிக் கொடுக்கும் தீர்ப்பு இது. இ. கா. ஜானகி அம்மாள் 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். சென்னையில் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அன்று அந்தத் துறையில் அத்தகைய பட்டம் பெற்ற இந்தியர் மிகச் சிலரே. திரும்பியதும் 1932இல் அவருக்குக் கிடைத்தது திருவனந்தபுரத்துக் கல்லூரியில் ஈராண்டுப் பணி. 1934இல் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அங்கே கரும்பைப் பிற புல்லினங்களோடு கலப்புச் செய்து குரோமோசோம்களை ஆராய்ந்தார். 1939இல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர் போர் மூண்டதால் பிரிட்டனிலேயே தங்கினார். சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை வெளியிட்டார். இந்தியா அவரை 1950களில் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க அழைத்தது. இவ்வளவும் அவர் தம் திறமையால் பெற்றவை. ஆனால் அவர் உழைப்பின் உச்சகாலத்தில் எந்தத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியர் நாற்காலியில் அமரவில்லை. அதனால் உயிரணுவியலைக் கற்பிக்கும் ஒரு தலைமுறை அவர் கையால் இங்கே உருவாகவில்லை. அறிஞர் எங்கும் போய் வாழ்வார். அவரிடம் படித்திருக்க வேண்டிய மாணவர்களுக்கு அந்த வழி இல்லை. இழப்பு அவர்களுடையது.

அன்பர்களே, இதே கண்ணோட்டத்தில் நம் பகுதியையும் பார்க்க வேண்டும். 1920இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று சிதம்பரத்தில் உயர்கல்வி எழுந்தது. மாகாணத் தலைநகரில் அல்லாமல், வயலும் கழியும் சூழ்ந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகம். 1930களில் அங்கே டி. எஸ். ராகவன் வேளைச் செடியின் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, பூவின் அமைப்பையும் கரு வளர்ச்சியையும் ஆராய்ந்து லின்னியன் கழக இதழில் வெளியிட்டார். வேளைக்கீரை நம் வேலியோரத்துச் செடி. ஏழைகள் பறித்துத் தின்பது. பல்கலைக்கழகம் அருகில் இருந்ததால்தான் அது நுண்ணோக்கியின் கீழ் வந்தது. பிச்சாவரத்தில் கண்ட சுரபுன்னைக் கலப்பினத்துக்கு 1990களில் க. கதிரேசன் ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று பெயரிட்டார். பல்லாண்டு கழியிலேயே உழைத்தவருக்குத்தான் இரண்டு மரங்களுக்கு நடுவே நிற்கும் மூன்றாவது மரம் வேறு என்று தெரியும்.

தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இன்று ஏராளமான வகுப்புகளைக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துகிறார்கள். அவர்களில் ஆய்வுப் பட்டம் பெற்றவர்கள் பலர். உழைப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அடுத்த கல்வியாண்டில் இதே கல்லூரியில் இருப்போமா என்று தெரியாத ஓர் ஆசிரியரால் வெள்ளாற்றங்கரையின் ஐந்து மழைக்காலங்களின் செடிகளைச் சேகரித்துத் தாளில் ஒட்டிப் பெயரிட்டு வைக்க முடியாது. ரங்காச்சாரிக்குக் கோவை கொடுத்ததை நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பாடத்திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் இந்தக் குறை தீராது.

ஆகையால் இந்த அவையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் தாவரவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், அதை நிரந்தரப் பணியாளரைக் கொண்டு நிரப்பக் கோரி ஊர் சார்பில் எழுதுங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார், ஆண்டுக்கு ஒருமுறை என்னைப்போல் ஒருவரை வரவழைத்துப் பேசவைப்பதோடு நிற்காமல், புவனகிரி முதல் பிச்சாவரம் வரையிலான செடிகளின் உலர்தாவரச் சேகரிப்பு ஒன்றுக்கும், அதைப் பத்தாண்டாவது தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் ஒருவரின் ஊதியத்துக்கும் வழிசெய்ய வேண்டுகிறேன்.